கருவிக்குச் சாட்சி வேண்டாமா?

பொய்யறியும் கருவி என்று அதற்குப் பெயர் வைத்தவர் பெரிய தைரியசாலியாக இருக்க வேண்டும். அந்தக் கருவிக்குப் பொய்யும் தெரியாது, மெய்யும் தெரியாது. மார்பைச் சுற்றி ஒரு குழாய், புஜத்தில் ஒரு பட்டை, விரல்களில் சிறு தகடுகள். மூச்சும் ரத்த அழுத்தமும் நாடித் துடிப்பும் வியர்வையும் ஏறி இறங்குவதை அது கோடு கோடாகக் காட்டும். அவ்வளவுதான். ஏறியது பொய்யினாலா, பயத்தினாலா, அவமானத்தினாலா என்று சொல்வது கருவி அல்ல. எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதர்.

அந்த அறையில் குற்றம் சாட்டப்பட்டவனுடைய வக்கீலும் இருக்கலாமா என்று கேட்டால் நம்மில் பலருக்குக் கோபம் வந்துவிடுகிறது. "மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்?" என்கிறார்கள். ஐயா, மடியில் கனமே இல்லாதவனும் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கால் வைக்க நடுங்குகிற தேசம் இது!

வேறு சிலர் சாஸ்திரீயமாகப் பேசுகிறார்கள். வக்கீல் பக்கத்தில் இருந்தால் சோதிக்கப்படுகிறவனின் மனம் சிதறுமாம். கோடுகள் கெட்டுப் போகுமாம். நல்லது. மூலையில் வாய் திறவாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு கறுப்புக் கோட்டுக்கே கலைந்து போகிற கருவி, பல நாள் காவலுக்கும் தூக்கமற்ற இரவுகளுக்கும் கலையாமல் இருக்குமா? பயத்தையும் பொய்யையும் அது பிரித்தறியும் என்றால், வக்கீலால் அதற்குக் கெடுதல் இல்லை. பிரித்தறியாது என்றால், வக்கீல் இல்லாமல் அதன் முன் ஒருவனை உட்கார வைப்பதே அக்கிரமம். இரண்டில் எதை வேண்டுமானாலும் அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

இது புதிய கோரிக்கையும் அன்று. தேசிய மனித உரிமை ஆணையம் 2000-ஆம் ஆண்டிலேயே விதிகள் வகுத்துவிட்டது. சம்மதமின்றிச் சோதனை கூடாது. அந்தச் சம்மதத்தை மாஜிஸ்திரேட்டின் முன், வக்கீலை வைத்துக்கொண்டு பதிவு செய்ய வேண்டும். சோதனையை ஆஸ்பத்திரி போன்ற சுதந்திரமான ஓர் அமைப்பு, வக்கீலின் முன்னிலையில் நடத்த வேண்டும். 2010 மே 5 அன்று செல்வி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இவற்றைக் கண்டிப்பாகப் பின்பற்றச் சொன்னது. பலவந்தச் சோதனை அரசியல் சட்டத்தின் 20(3)-ஆவது ஷரத்துக்கு விரோதம் என்றும் தீர்ப்பளித்தது.

"சம்மதித்துச் செய்த சோதனையின் முடிவைக்கூடக் கோர்ட்டு சாட்சியமாக ஏற்பதில்லையே, பின் வக்கீல் எதற்கு?" என்று கேட்கலாம். இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. அந்தச் சோதனையின் உதவியால் பிறகு கண்டெடுக்கப்படும் பொருளைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. ஆகவே அங்கே கேட்கப்பட்ட கேள்வி என்ன, அவன் வாயிலிருந்து உண்மையில் வந்தது என்ன என்பதெல்லாம் அற்ப விஷயங்கள் அல்ல.

அதைவிடப் பெரிய ஆபத்து, பட்டைகளை அவிழ்த்த பிறகு வருகிறது. "கருவி உன்னைப் பொய்யன் என்கிறது, இனியாவது ஒப்புக்கொள்" என்று சொன்னால் அவன் என்ன செய்வான்? கோடு எதைக் காட்டியது என்பது அவனுக்குத் தெரியாது. படித்தவனே நிலைகுலைந்து போகிற நேரம் அது.

வக்கீல் பதில் சொல்லிக் கொடுக்க வேண்டாம்; கண்ஜாடை காட்ட வேண்டாம். பார்த்துக்கொண்டிருந்தால் போதும். வக்கீல் வைக்க வசதியில்லாதவன் என்ன செய்வது? காவலில் இருப்பவனுக்கு இலவச வக்கீல் உண்டென்று 1987-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்த வக்கீலை இந்த அறைக்கும் அனுப்புங்கள்.

நாலு சென்ட் நிலத்தை அளப்பதென்றாலும் பக்கத்து நிலக்காரனுக்கு நோட்டீஸ் கொடுத்து, அவனையும் அருகில் நிறுத்திக்கொண்டுதான் சர்வேயர் சங்கிலி பிடிக்கிறார். மனிதனின் நெஞ்சை அளக்கும்போது மட்டும் கதவைச் சாத்திக்கொள்வது என்ன நியாயம்?