தடை செய்யவேண்டியது நாயின் இனத்தையா, வளர்ப்பவரின் அலட்சியத்தையா?

இலண்டனில் இருக்கும் என் பெறாமகன் தொலைபேசியில் சொன்னான்: “சித்தப்பா, பூங்காவில எக்ஸ்எல் புல்லியைக் கண்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மற்றப் பக்கம் போயிடுவன். வாய்ப்பூட்டுப் போட்டிருந்தாலும் பயம்தான்.” அவனுடைய மகளுக்கு நான்கு வயது. அந்தப் பயத்தை அறியாமை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

பிரித்தானியாவில் அதற்கு முந்திய சில ஆண்டுகளில் நாய் தாக்கி நேர்ந்த மரணங்களில் கணிசமானவை இந்த வகையோடு தொடர்புபட்டிருந்தன. 2023 செப்டெம்பரில் அப்போதைய பிரதமர் ரிஷி சுனக் தடையை அறிவித்தார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்த ஆண்டு டிசெம்பர் 31 முதல் இவற்றை விற்பதும் இனப்பெருக்குவதும் குற்றமாகின. 2024 பெப்ரவரி 1 முதல் விலக்குச் சான்றிதழ் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். சான்றிதழுக்கு 92.40 பவுண் கட்டணம், மலடாக்கல், நுண்சில்லு, காப்புறுதி எல்லாம் வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், எக்ஸ்எல் புல்லியைப் பிரித்தானிய கெனல் கிளப் ஓர் இனமாகவே ஏற்கவில்லை. ஆண் நாய் 20 அங்குல உயரம், பருத்த தலை, அகன்ற நெஞ்சு என அளவுநாடாவும் தோற்றமுமே முடிவு செய்கின்றன. இதற்கு அடிப்படையான 1991ஆம் ஆண்டுச் சட்டம் பிற்புல் ரெரியர், ஜப்பானியத் தோசா உட்பட நான்கு வகைகளைத் தடை செய்தது. அதன்படி, தன் நாய் தடை செய்யப்பட்ட வகை அல்ல என்று நிரூபிக்கும் சுமை உரிமையாளர் மீதே விழுகிறது. நாய்களின் நிலையை எங்கள் மனிதர்களின் நிலையோடு சமப்படுத்த நான் விரும்பவில்லை. ஆனால் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வாழ்ந்தவர்களுக்கு, நிரூபிக்கும் சுமை இடம்மாறினால் என்ன நடக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

‘சயன்ஸ்’ சஞ்சிகையில் 2022இல் ஓர் ஆய்வு வெளியானது. 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி உரிமையாளர்களிடம் கேட்டறிந்த அந்த ஆய்வு, தனித்தனி நாய்களின் நடத்தை வேறுபாட்டில் ஏறத்தாழ 9 வீதத்தையே இனம் விளக்குகிறது என்றது. நெதர்லாந்து 1993இல் கொண்டுவந்த பிற்புல் தடையை, கடிகள் குறையாததால் 2008இல் கைவிட்டது.

அதற்காக எல்லா நாயும் ஒன்றுதான் என்பதும் சரியல்ல. அந்த ஆய்வு தாடையின் பலத்தை அளக்கவில்லை. சின்ன நாய் கோபித்தால் காலில் காயம். ஐம்பது கிலோ நாய் கோபித்தால் உயிர் போகலாம். விலங்குநல அமைப்புகள் இனத்தடையை எதிர்க்கும்போது இந்த வேறுபாட்டை மெல்லக் கடந்து போகின்றன.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்தபோது, எங்கள் மணியைச் சங்கிலியிலிருந்து அவிழ்த்துவிட்டு நடந்தோம். அடுத்த ஆண்டு திரும்பியபோது ஒழுங்கைக்குள் கூட்டமாக நின்ற நாய்கள் எங்களைக் கண்டு உறுமின. அதற்குள் மணியும் நின்றது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், வரவில்லை. ஒரு காலத்தில் பிள்ளைகளோடு படுத்துறங்கிய சாதாரண ஊர் நாய் அது. அதன் இனம் மாறவில்லை. சோறு வைத்த கைகள்தான் இல்லாமற் போயிருந்தன.

எனவே என் நிலைப்பாடு இதுதான். பெரிய, பலமான நாயை வைத்திருப்பவருக்கு, அது எந்த இனமானாலும், கூடுதல் கடப்பாடு இருக்கவேண்டும்: அனுமதி, பயிற்சி, காப்புறுதி. காசுக்காக முரட்டுக் குட்டிகளைப் பெருக்குபவர்கள் மீது முதலில் கை வைக்கவேண்டும். எந்த நாயானாலும் கட்டுப்பாடின்றி ஆளைக் கொன்றால் உரிமையாளருக்கு 14 ஆண்டுகள் வரை சிறை விதிக்கும் பிரிவு அதே சட்டத்தில் ஏற்கனவே இருக்கிறது. ஆனால் அது இழப்பு நேர்ந்த பிறகே வேலை செய்கிறது. முதல் முறைப்பாட்டிலேயே வீட்டுக்கு வந்து பார்க்க அதிகாரிகள் வேண்டும். பட்டியலில் இன்னொரு பெயரைச் சேர்ப்பது அதைவிட மலிவு. அதனால்தான் அரசுகளுக்குப் பட்டியல் பிடிக்கிறது.

பெறாமகன் மற்றப் பக்கம் போவதில் பிழையில்லை. நாளை பட்டியலில் இல்லாத ஒரு நாய் எதிரே வரும்போதும் அவனுடைய பிள்ளைக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதே என் கவலை.