பாயும் பெட்டியும் பானையும்: பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள்



தாமிரபருணிக் கரையில் கோரைப்பாய் நெய்கிறவர்களும், தூத்துக்குடி, இராமநாதபுரம் வட்டாரத்துப் பனங்காடுகளை நம்பிப் பெட்டியும் சுளகும் முடைகிறவர்களும், வைகைப் படுகையில் மண்பாண்டம் வனைகிறவர்களும், இவர்கள் செய்த பொருள்களை வீட்டில் வைத்துப் புழங்கி அவற்றின் அருமையை அனுபவத்தில் அறிந்த சிலருமாகச் சேர்ந்து இந்த வேண்டுகோளை உங்கள் முன் சமர்ப்பிக்கிறோம். நாங்கள் எந்தக் கட்சியையும் சார்ந்தவர்கள் அல்லர்; நன்கொடை திரட்டவும் வரவில்லை. அன்றாட உபயோகத்துக்கென்று பிறந்த பொருள்கள் அன்றாட உபயோகத்தில் இருந்தால்தான் அவற்றைச் செய்யும் தொழில் ஜீவித்திருக்கும் என்பதை நினைவூட்டி, அவற்றை மறுபடியும் உங்கள் அடுப்படியிலும் கூடத்திலும் புழங்கவேண்டும் என்று கேட்டுக்கொள்வதே எங்கள் விண்ணப்பத்தின் சாரம்.

இந்தத் தொழில்களுக்குப் புகழ் குறைவு என்று எவரும் சொல்ல முடியாது. பத்தமடைப் பாயும் செட்டிநாட்டுப் பனையோலைக் கொட்டானும் புவிசார் குறியீடு பெற்றிருக்கின்றன. மானாமதுரை மண்பாண்டத்துக்கும் 2023-ஆம் ஆண்டில் அந்தக் கௌரவம் வந்து சேர்ந்தது. ஆதிச்சநல்லூரில் தோண்டி எடுத்த முதுமக்கள் தாழிகளையும், கீழடி அகழாய்வில் வெளிப்பட்ட பானை ஓடுகளையும் நம் முன்னோரின் நாகரிகத்துக்குப் பிரத்தியட்ச சாட்சியங்கள் என்று போற்றுகிறோம், போற்றுவது முறையே. ஆயினும், கீழடி அமைந்த அதே சிவகங்கை மாவட்டத்தில், அதே வைகையின் வண்டலைக் குழைத்து இன்றும் பானை செய்துகொண்டிருப்பவரிடம் பத்து ரூபாய் குறைத்துக் கேட்டு, அவர் தயங்கினால் பக்கத்துக் கடையில் அலுமினியச் சட்டி வாங்கிக்கொண்டு போகிறவர்களும் நாமே. புதைந்துபோன பானைக்குக் கண்ணாடிப் பேழை செய்து வைத்த சமூகம், சூளையிலிருந்து இன்று காலை இறங்கிய பானைக்கு அடுப்பில் இடம் தரவில்லையென்றால், நாம் பாராட்டுவது தொழிலையா அல்லது அதன் ஞாபகத்தையா என்று ஒருமுறை யோசிக்கவேண்டாமா?

ஒரு பாய் உருவாகும் விதத்தைச் சற்றே நின்று பார்த்தால் எங்கள் மனக்குறை உங்களுக்கும் விளங்கும். நீர்க்கரைகளில் வளரும் கோரையைப் பசுமை மாறாத பருவத்தில் அறுத்து, கிழித்து, வெயிலில் உலர்த்தி, பிறகு ஓடும் நீரில் பல நாள் ஊறப்போட்டு, அது பருத்து இளகியதும் மீண்டும் உலர்த்தி, அதற்கப்பால் வேண்டிய நுண்மைக்கு ஏற்ப மறுபடியும் இழை இழையாகக் கிழிக்கிறார்கள். பட்டுப்பாய் என்று பெயர் பெற்ற உயர்ந்த ரகத்துக்கு அந்த இழை ஏறக்குறைய நூலைப்போல் மெலிந்திருக்க வேண்டும் என்பதால், கிழிக்கும் வேலை ஒன்றுக்கே பழகிய விரலும் கூர்ந்த பார்வையும் அவசியம். தரையோடு தரையாக அமைந்த தறியில் பருத்தி நூலைப் பாவாக இழுத்துக் கட்டி, சாயம் தோய்த்த கோரையை ஒவ்வோர் இழையாக நீண்ட குச்சியால் ஊடே செலுத்தி, அச்சை இழுத்து இறுக்கி, ஓரங்களை மடக்கிக்கொண்டே போகும்போது, நாள் முழுதும் குனிந்திருந்தாலும் நேர்த்தியான பாய் வளர்வது விரற்கடைக் கணக்கில்தான். மணமக்களின் பெயரைப் பொறித்து நெய்கிற கல்யாணப் பாய்க்கு வாரக்கணக்கில் உழைப்புச் செல்லும். பத்தமடையில் தலைமுறை தலைமுறையாக இதை நெய்து வருகிறவர்கள் முஸ்லிம் குடும்பத்தினர். அவர்கள் கைப்பட்ட பாய் எல்லா மதத்தாருடைய கல்யாண வீட்டிலும் விரிக்கப்பட்டது என்பதும், அதில் அமர்ந்தவர்கள் யாரும் நெய்தவரின் மதத்தை விசாரித்ததில்லை என்பதும் இந்த நாட்டின் சிறந்த சம்பிரதாயங்களுள் ஒன்று.

பனையோலைத் தொழிலோ பெரும்பாலும் பெண்களின் கையில் இருப்பது. சமையலும் பிள்ளைகளின் காரியமும் ஓய்ந்த நேரத்தில், ஓலையை ஈர்க்கு நீக்கி, ஒரே அகலமாக வார்ந்து, வேண்டியவற்றுக்குச் சாயமேற்றி, திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து அவர்கள் முடைகிற பெட்டிகளில்தான் ஒரு காலத்தில் இந்தச் சீமையின் சம்சாரமே நடந்தது. கருப்பட்டி ஓலைப்பெட்டியில் இருந்தது. கருவாடு ஓலைப்பெட்டியில் சந்தைக்குப் போயிற்று. கார்த்திகைத் திருநாளில் கொழுக்கட்டை மாவை ஓலைக்குள் வைத்தே அவித்தார்கள். மண் சுமக்கவும் நெல் அள்ளவும் மட்டை நார் பொத்திய கடகப்பெட்டி உதவிற்று. சுளகு என்ற எளிய சாதனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பொருளை வைத்துக்கொண்டு கையை அசைக்கும் விதத்தை மாற்றியே புடைக்கவும் தெள்ளவும் கொழிக்கவும் நம் தாய்மார்கள் அறிந்திருந்தார்கள். பதர் ஒரு பக்கமும் குருணை ஒரு பக்கமும் கல் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கும். அந்தச் சுளகின் விளிம்பு வளைவும் நடுவில் உள்ள இலேசான குழிவும் அந்தக் கையசைவுக்கென்றே தலைமுறைகளின் அனுபவத்தில் அமைந்தவை. அச்சில் வார்த்த பிளாஸ்டிக் முறத்துக்கு அதன் வடிவம் ஏறக்குறைய வந்துவிட்டது. அதன் குணம் வரவில்லை.

மண்பாண்டத்தின் செய்முறையை நாம் எல்லோரும் பார்த்திருப்பதாக நினைக்கிறோம்; ஆனால் சக்கரத்தில் மண் எழும்புவதைக் கண்ட அளவில் நம் கவனம் நின்றுவிடுகிறது. கண்மாயிலிருந்து வந்த மண்ணை உலர்த்தி, உடைத்து, சலித்து, மணல் சேர்த்து, காலால் மிதித்துப் பதப்படுத்துவது அதற்கு முந்திய பிரயாசை. சக்கரத்திலிருந்து அறுத்தெடுக்கும்போது பானைக்கு அடி இராது. சற்று உலர்ந்தபின் உள்ளே ஒரு கல்லை அணைத்துப் பிடித்து, வெளியே பலகையால் தட்டித் தட்டி, தடித்த சுவரை மெல்லியதாக்கி அடியை மூடுவது அதற்குப் பிந்திய பிரயாசை. இத்தனைக்குப் பிறகும் மழை பிடித்துக்கொண்டால் பானை உலராது, சூளை எரியாது. அந்த மாதங்களில் வருமானமும் இராது. கோடையில் நாம் குடிக்கிற பானைத் தண்ணீரின் குளிர்ச்சி, சுட்ட மண்ணின் நுண்துளைகள் வழியே கசிந்து ஆவியாகும் ஈரத்தால் வருவது; அதற்கு மின்சாரமும் வேண்டியதில்லை, மாதக் கட்டணமும் இல்லை.

இத்தகைய தொழில்கள் க்ஷீணமடைவதற்குக் காரணங்கள் பல. கோரைப் பாயின் கோலங்களையே தாங்கி வருகிற பிளாஸ்டிக் பாய் ஒரு காரணம். முன்பணம் கொடுத்து உழைப்பைக் குறைந்த கூலிக்கு வாங்கிக்கொள்ளும் தரகு மற்றொன்று. செங்கல் சூளைக்கு விறகாகப் போன பனைகளும், ஏறுவதற்கு ஆளின்றி நிற்கும் பனைகளும், தாராளமாக மண் கிடைக்காத நிலைமையும் வேறு காரணங்கள். பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. ஒரு முறை உபயோகித்து எறியும் பதினான்கு வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தது. இவற்றை நாங்கள் மனமார வரவேற்கிறோம். ஆனால் எந்தச் சட்டமும் ஒரு பொருளை வீட்டுக்குள்ளிருந்து அகற்றத்தான் கூடும். அந்த வெற்றிடத்தில் எதை வைப்பது என்பதைக் குடும்பத்தார்தாம் தீர்மானிக்கவேண்டும்.

தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, மேனாட்டில் பொருளாதாரமும் கணக்கியலும் கற்றுத் தேர்ந்த பிறகு, 1934-இல் காந்தியடிகள் தோற்றுவித்த அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் பொறுப்பை ஏற்று வார்தாவுக்குப் போனார். தம் இறுதிக் காலத்தை மதுரைப் பக்கத்துத் தே. கல்லுப்பட்டியில் கழித்தார். ஒரு பண்டத்தை வாங்குகிறவர் அது உண்டான விதத்தில் உள்ள நன்மை தீமைகளுக்கும் பங்காளியாகிறார் என்பது அவருடைய உபதேசங்களில் முக்கியமானது. அந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால், பாய் வாங்கும் காரியம் வெறும் வியாபாரமாகத் தோன்றாது. நம் கையிலுள்ள நூறு ரூபாய் எந்த ஊருக்குப் போகிறது, எந்தக் குழந்தையின் பள்ளிச் செலவாகிறது, எந்த மரத்தை நிற்கவைக்கிறது, இறுதியில் எந்தக் குளத்தில் மக்காத குப்பையாக மிதக்கிறது என்ற கேள்விகள் எல்லாம் அந்தச் சிறிய கொள்முதலில் அடங்கியிருக்கின்றன.

கைப்பொருளின் விலை அதிகம் என்று சிலர் ஆட்சேபிக்கக் கூடும். நியாயமான ஆட்சேபம்தான், குறைந்த வருமானமுள்ள குடும்பத்தை நாங்கள் ஒருபோதும் குறை கூறோம். ஆனால் திருமண மண்டபத்துக்கும் அலங்காரத்துக்கும் தாராளமாகச் செலவிடக் கூடியவர்கள், ஒரு பெண்ணின் பல நாள் உழைப்பான பாயில் மாத்திரம் சிக்கனம் காட்டுவதை நியாயம் என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை. மண்சட்டி உடைந்துபோகும் என்பதும் உண்மையே. உடைந்தால் அது பிறந்த மண்ணோடு சேர்ந்துவிடும். பாயும் பெட்டியும் நைந்தால் எருக்குழிக்குப் போகும். உடையாமலும் நையாமலும் நூறாண்டு கிடக்கும் குப்பையைப் பேரப்பிள்ளைகளுக்கு விட்டுச் செல்வதைக் காட்டிலும் இது மேலான நஷ்டம் அல்லவா? மின்சார அரைப்பானையும் குளிர்பதனப் பெட்டியையும் விட்டுவிடுங்கள் என்று நாங்கள் வற்புறுத்தவில்லை; அவை பெண்களின் சிரமத்தைக் குறைத்திருக்கின்றன என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்கிறோம். அவற்றின் பக்கத்திலேயே பானைக்கும் பெட்டிக்கும் இடம் உண்டு என்பதே எங்கள் அபிப்பிராயம்.

ஆகவே உங்களிடம் சில காரியங்களைக் குறிப்பாகக் கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவதாக, இந்த ஆண்டுக்குள் உங்கள் வீட்டில் நித்திய உபயோகத்திலுள்ள பிளாஸ்டிக் பொருள்களில் ஒன்றையாவது, அது பழுதாகும் சமயம் பார்த்து, பாயோ சுளகோ சட்டியோ நார்ப்பெட்டியோ வாங்கி மாற்றுங்கள். வாங்கியதைச் சுவரில் மாட்டிவைக்காமல் புழங்குங்கள்.

இரண்டாவதாக, கல்யாணம், வளைகாப்பு, புதுமனைப் புகுவிழா முதலிய சுபகாரியங்களில் தாம்பூலம் கொடுக்கப் பிளாஸ்டிக் பைக்குப் பதிலாக ஓலைக் கொட்டான் தருவதென்று முடிவு செய்யுங்கள். ஆனால் முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்பு வந்து ஐந்நூறு கொட்டான் கேட்காமல், மாதங்களுக்கு முன்பே சொல்லி, ஒரு பகுதிப் பணத்தை முன்னதாகக் கொடுங்கள். அந்த முன்பணமே தரகரின் பிடியிலிருந்து முடைகிறவரை விடுவிக்கும்.

மூன்றாவதாக, செய்கிறவரிடமே நேராகச் சென்று வாங்கக்கூடிய இடங்களில் நேராக வாங்குங்கள். கடையில் வாங்கினால் எந்த ஊரில், யார் கையால் ஆனது என்று விசாரியுங்கள். பேரம் பேசாமல் சொன்ன விலையைக் கொடுங்கள். தரத்தில் குறை இருந்தால் அதைத் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள்.

நான்காவதாக, வாங்கிய பொருளைப் பேணுகிற முறையை மறுபடியும் கற்றுக்கொள்ளுங்கள். புதுச் சட்டியை ஒரு நாள் நீரில் ஊறவைத்து, பிறகு அரிசி கழுவிய நீரைச் சிறுதீயில் கொதிக்கவிட்டுப் பழக்கவேண்டும். பாயை மடிக்காமல் சுருட்டி நிறுத்தவேண்டும். நனைந்தால் நிழலில் ஆறவிட்டு உலர்த்தவேண்டும். ஓலைப்பெட்டியில் ஈரப்பொருளை வைக்காமல், இடையிடையே வெயில் காட்டினால் அது நெடுநாள் உழைக்கும்.

ஐந்தாவதாக, உங்கள் ஊர்ப் பொதுநிலத்திலும் ஏரிக்கரையிலும் பனை விதை ஊன்றுங்கள். நிற்கும் பனையை விறகு விலைக்குக் கொடுக்காதீர்கள். ஆசிரியப் பெருமக்கள் தங்கள் மாணவர்களை ஒரு நாளேனும் பக்கத்து ஊர்த் தறிக்கும் சூளைக்கும் அழைத்துச் செல்லவேண்டும். வேடிக்கை பார்ப்பதோடு நில்லாமல், குழந்தைகள் தங்கள் கையால் ஓலை முடைந்து, மண் பிசைந்து பார்க்க வேண்டும்.

உங்களிடம் இவ்வளவு கேட்கிற எங்களுக்கும் கடமைகள் உண்டு. கோரையோடு மாற்றுச் சரக்கைக் கலந்து கோரை என்று விற்கமாட்டோம்; சரியாகச் சுடாத பானையைச் சந்தைக்குக் கொண்டுவரமாட்டோம்; சொன்ன தேதியில் சொன்ன அளவில் தருவோம்; மரத்துக்கு ஊறு நேராத அளவிலேயே குருத்தோலை எடுப்போம்; இன்றைய வீட்டுக்கும் இன்றைய அடுப்புக்கும் ஏற்றபடி அளவையும் வடிவையும் மாற்றித் தரச் சித்தமாயிருக்கிறோம்; இத்தொழிலைக் கற்க வருகிற எந்தப் பிள்ளையையும், எந்தச் சாதியில் எந்த மதத்தில் பிறந்திருந்தாலும், மனமுவந்து ஏற்றுக்கொள்வோம். இந்த வாக்குறுதிகளில் நாங்கள் தவறினால் எங்களைக் கண்டிக்கும் உரிமை வாடிக்கையாளராகிய உங்களுக்கு உண்டு. அந்த உரிமையை நீங்கள் பெறவேண்டும் என்பதற்காகவேனும் எங்கள் வாடிக்கையாளராக வாருங்கள்.

கைவினைஞரின் பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போவதை நாங்கள் குற்றமாகக் கருதவில்லை. ஆனால் பெற்றோரின் தொழிலில் விருப்பமும் திறமையும் உள்ள பிள்ளை, அதில் வயிறு நிறையாது என்ற ஒரே காரணத்தால் அதைக் கைவிட நேருமானால், அந்த நஷ்டம் நம் எல்லோருடையதும் ஆகும். தறியிலும் திண்ணையிலும் சூளையடியிலும் செய்யவேண்டியதை நாங்கள் செய்துகொண்டிருக்கிறோம்; எஞ்சிய பாதி உங்கள் வீட்டில் நடைபெற வேண்டியது. வருகிற பொங்கலுக்கு வாங்குகிற பானையிலிருந்தே அதைத் தொடங்குங்கள் என்று தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தென் மாவட்டங்களின் பாய், ஓலை, மண்பாண்டக் கைவினைஞரும் அவர்தம் அன்பர்களும்