கழன்ற கேப்பும் ‘நல்ல சிமெண்ட்’ மந்திரமும்

“நல்ல சிமெண்ட் போட்டால் கேப் கழலாது” என்னும் வாசகம், பல்லின்மேல் ஒட்டப்படும் உறையான கேப்பைப் பற்றி நெடுங்காலமாக விளம்பரமாகவும் ஆறுதலாகவும் ஆயத்த விடையாகவும் வழங்கி வருகிறது. நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்த நிலக்கோட்டை, வேடசந்தூர் வட்டாரங்களைக் கொண்ட திண்டுக்கல் சமவெளியில், பழுப்பேறிய முன்பற்களை மறைக்க ஒட்டப்படும் மெல்லிய செராமிக் தகடான வெனீருக்கும் இதுவே உறுதிமொழியாக நிற்கிறது.

விலை கூடினால் பிடிப்பும் கூடும் என்னும் வாதத்துக்கு ஒரு வரி போதும்: செராமிக்குக்கு விலைச்சீட்டு வாசிக்கத் தெரியாது. பல்லுக்குப் பூசும் அமிலமே செராமிக்குக்கும் போதும் என்பதும் அவ்வாறே. எனாமலை அரிக்கும் 37 விழுக்காட்டு பாஸ்பாரிக் அமிலம் செராமிக்கின் அழுக்கைத்தான் நீக்கும்.

எல்லா செராமிக்கும் ஒன்றே என்னும் நம்பிக்கைதான் உண்மையான பிழை. கண்ணாடித்தன்மை கொண்ட லித்தியம் டைசிலிகேட்டின் உட்புறத்தில் 5 விழுக்காட்டு ஹைட்ரோபுளோரிக் அமிலத்தை 20 விநாடி வைத்தால், கண்ணாடிப்பகுதி கரைந்து நுண்குழிகள் தோன்றி, பளபளப்பு மங்கி வெளிறுகிறது. அதன்மேல் பூசப்படும் சைலேன் ஒரு முனையால் சிலிக்காவையும் மறுமுனையால் ரெசின் சிமெண்டையும் பற்றுகிறது. அரித்த செராமிக்கின் பிடிப்பை ஆய்வாளர்களான சைமன்சனும் கலாமியாவும் 1983இலேயே எடுத்துக்காட்டினர். மந்திரம் ஓதுவோருக்கு அச்செய்தி இன்னும் வந்து சேரவில்லை போலும்.

கண்ணாடிப்பகுதி இல்லாத செராமிக்கான சிர்கோனியாவிடமோ இந்த அமிலமும் சைலேனும் செல்லா. அதற்கு 50 மைக்ரான் அலுமினாத் துகளை மிதமான அழுத்தத்தில் வீசிச் சொரசொரப்பாக்கி, எம்டிபி என்னும் பாஸ்பேட் மூலக்கூறு கொண்ட பிரைமரைப் பூச வேண்டும். அளவு பார்க்க வாயில் வைத்தெடுக்கும் ஒரு கணத்திலேயே உமிழ்நீரின் பாஸ்பேட், பேருந்து இருக்கையில் துண்டு போடுவதுபோல் எம்டிபியின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதைப் பாஸ்பாரிக் அமிலத்தால் கழுவுவது இன்னொரு துண்டைப் போடுவதேயாகும்.

கிணற்று நீரில் வந்து பல்லைக் கறைப்படுத்திய புளோரின், அமிலக்குப்பியிலிருந்து செராமிக்குக்குப் பிடிப்பைத் தருகிறது. ஆயினும் கழன்ற கேப்பை உள்ளங்கையில் ஏந்தி வருபவர் கேட்பது சிமெண்டின் பெயரைத்தான். பல்லில் சிமெண்ட் முழுதும் தங்கியிருக்க, கேப்பின் உட்புறம் மட்டும் துடைத்ததுபோல் இருக்குமாயின், குற்றம் எந்தப் பக்கத்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.