படத்திலிருந்து கொட்டிய டீ

எங்கள் தெருக் கோடியில் ஒரு பெண் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறாள். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் அவள்தான். போன புது வருஷத்தன்று வீட்டுக்கு வீடு ஒரு வாழ்த்து அட்டை கொடுத்தனுப்பினாள். அட்டையில் ஒரு பெஞ்சு. பெஞ்சியில் நாலு பேர். ஒருத்தி காமிராவைத் துடைக்கிறாள். ஒருத்தி கணக்கு எழுதுகிறாள். ஒருத்தி கிலுகிலுப்பையை ஆட்டி எந்தக் குழந்தையையோ சிரிக்க வைக்கப் பார்க்கிறாள். நாலாமவள் தூங்கி வழிகிறாள். உற்றுப் பார்த்தால் நாலு பேரும் அவளேதான்!

அடுத்த வீட்டு மாமிக்கு இது பிடிக்கவில்லை. "கடைக்கு விளம்பரம் செய்ய வேறு வழியா இல்லை? எல்லாம் கம்ப்யூட்டர் வந்து கெடுத்தது. அந்தக் காலத்தில் இந்தக் கூத்தெல்லாம் ஏது?" என்றாள்.

அந்தக் காலத்திலேயே இருந்தது மாமி! உங்கள் பாட்டிக்குப் பாட்டி காலத்தில், கனடாவின் மேற்குக் கரையில், விக்டோரியா என்ற ஊரில் ஒரு அம்மாள் இதைவிடப் பெரிய கூத்தெல்லாம் அடித்திருக்கிறார். ஹன்னா மேனார்ட் என்று பெயர்.

ஹன்னா அம்மாள் 1834-ல் இங்கிலாந்தில் கார்ன்வால் பகுதியில் பிறந்தவர். பதினெட்டு வயதில் கல்யாணம். கணவர் ரிச்சர்டு செருப்புத் தைக்கும் தொழிலாளி. கல்யாணமான கையோடு இருவரும் கப்பலேறிக் கனடாவுக்குப் போனார்கள். ரிச்சர்டுக்குத் தங்க ஆசை. மேற்கே ஆற்று மணலில் தங்கம் அகப்படுகிறது என்று கேள்விப்பட்டதும் புறப்பட்டுவிட்டார். அம்மாள் போட்டோ பிடிக்கக் கற்றுக்கொண்டார். 1862-ல் குடும்பத்தோடு விக்டோரியாவில் குடியேறியபோதும் கணவர் மறுபடி தங்கம் தேடிப் போக, அம்மாள் ஸ்டூடியோ திறந்தார். கணவர் தேடிய தங்கத்தைவிட அம்மாளின் காமிராதான் கடைசிவரை சோறு போட்டது என்பது என் அபிப்பிராயம்.

இதில் ஒரு வேடிக்கை. ஸ்டூடியோவின் பெயர் 'மிஸஸ் ஆர். மேனார்ட் போட்டோ நிலையம்.' 'ஆர்' என்பது கணவரின் தலையெழுத்து! தொழில் தெரிந்தவர் அம்மாள். பிற்பாடு கணவருக்குப் படம் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவரும் அவரே. பலகையில் மட்டும் கணவர் பெயர். நம் வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விளம்பரத்துக்கு வருகிறேன். 1880-களின் தொடக்கத்தில் அம்மாளுக்கு ஒரு யுக்தி தோன்றிற்று. ஒரு வருஷத்தில் தம் ஸ்டூடியோவுக்கு வந்து படம் எடுத்துக்கொண்ட குழந்தைகளின் முகங்களையெல்லாம் கத்தரித்தார். அவற்றை ஒன்றோடொன்று நெருக்கி ஒட்டி, மொத்தத்தையும் மறுபடி ஒரு படமாக எடுத்தார். 'பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரத்தினங்கள்' என்று அதற்குப் பெயர் வைத்து, புது வருஷ வாழ்த்தாக வாடிக்கைக்காரர்களுக்கு அனுப்பினார். நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு முகங்கள்! அட்டை வந்த வீட்டில் எந்தத் தாயாராவது தன் குழந்தை எங்கே என்று தேடாமல் இருந்திருப்பாளா? அகப்பட்டதும் அக்கம்பக்கத்தில் காட்டாமல் இருந்திருப்பாளா? காட்டப்பட்டவள் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு ஓடாமல்தான் இருந்திருப்பாளா? பத்து வருஷத்துக்கு மேல் இந்த அட்டை தவறாமல் வந்தது. பின்னால் வந்தவற்றில், பழைய வருஷத்து அட்டைகளையே பொடியாகச் சுருக்கி உள்ளே நுழைத்துவிட்டார். கடுகுக்குள் கடுகு!

ஊர்க் குழந்தைகளின் முகங்களை இப்படி ஒட்டிக்கொண்டிருந்த அதே வருஷங்களில் அவர் சொந்த வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1883-ல் மகள் லில்லி டைபாய்டு ஜுரத்தில் போய்விட்டாள். பதினாறு வயது. அடுத்த பத்து வருஷத்துக்குள் இன்னொரு மகளும் மருமகளும் போனார்கள். ஸ்டூடியோ மட்டும் மூடப்படவில்லை. ரத்தினங்கள் அட்டையும் நிற்கவில்லை. கத்தரிக்கோலைக் கையில் எடுத்துப் பிறத்தியார் குழந்தைகளின் கன்னத்தைச் சுற்றி வெட்டும்போது அந்த அம்மாளின் மனசு என்ன பாடு பட்டிருக்கும்!

இதற்கெல்லாம் பிறகுதான், 1893-ஐ ஒட்டி, வயது அறுபதை நெருங்கும் சமயத்தில், தம்மைத் தாமே படம் பிடித்துப் பெருக்கிக்கொள்ள ஆரம்பித்தார். அவற்றில் பிரபலமானது ஒரு டீ விருந்து. மேஜையடியில் இரண்டு ஹன்னாக்கள், மிக மரியாதையாக. சுவரில் ஒரு படச் சட்டம். சட்டத்துக்குள் மூன்றாவது ஹன்னா. படத்தில் இருக்கிறவள் படமாகவே இருக்கக் கூடாதோ? வெளியே குனிந்து, கீழே உட்கார்ந்திருக்கும் தன் தலையிலேயே கோப்பையைக் கவிழ்க்கிறாள்! விக்டோரியா மகாராணி காலத்துப் பெரிய மனுஷிகள் போட்டோவில் பல் தெரியச் சிரிக்கவே யோசிப்பார்கள். அந்தக் காலத்தில் இப்படி ஒரு குறும்பு. இன்னொரு படத்தில் பேரனையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, அவனைச் சிலையாக்கி வைத்திருக்கிறார்.

இது எப்படி முடிந்தது? அப்போது காமிராவில் இருந்தது கண்ணாடி பிளேட். அதில் ஒரு பகுதியை மறைத்துவிட்டு, மற்றப் பகுதியில் முதல் ஹன்னாவைப் பதிவு செய்ய வேண்டும். பிறகு பதிந்த பகுதியை மறைத்து, மறைத்த பகுதியைத் திறந்து, அதே அம்மாள் எழுந்து போய் வேறு இடத்தில் உட்கார்ந்து இரண்டாம் முறை. மூன்று பேர் வேண்டுமானால் மூன்று முறை. இதற்கிடையில் காமிரா ஒரு நூல்கூட அசையக் கூடாது. வெளிச்சம் மாறக் கூடாது. முதல் ஹன்னாவின் முழங்கை எல்லை தாண்டினால், அடுத்த முறை பாதி முழங்கை காற்றில் கரைந்து போகும். பிளேட்டைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். 1940-ல் வந்த 'உத்தம புத்திர'னில் பி. யு. சின்னப்பா இரட்டை வேஷத்தில் தோன்றியதை நம் பெரியவர்கள் வாய் பிளந்து பார்த்தார்கள் அல்லவா? அந்த நாளில் திரையில் ஒருவரை இருவராக்கிய மறைப்பு வித்தைக்கு இதுதான் அக்கா முறை. எங்கள் தெருப் பெண் கம்ப்யூட்டரில் அரை மணியில் முடிப்பதை, அம்மாள் மூச்சடக்கி உட்கார்ந்து செய்தார்.

இந்தப் படங்களைப் பற்றி இப்போது அறிஞர்கள் பலவிதமாக எழுதுகிறார்கள். துக்கம் தாங்காமல், போனவர்களோடு பேசும் ஆசையில் செய்தது என்கிறார்கள் சிலர். வெறும் தமாஷ் என்கிறார்கள் வேறு சிலர். தொழில் சாமர்த்தியத்தை ஊருக்குக் காட்டியது என்பாரும் உண்டு. மூன்றும் சேர்ந்து ஒரு மனுஷியிடம் இருக்கக் கூடாதா என்ன? சாவு விழுந்த வீட்டிலும் பத்தாம் நாள் யாராவது ஒருத்தி எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுகிறாள். அவளுக்குத் துக்கம் இல்லை என்று நாம் நினைப்பதில்லையே! மூன்று ஹன்னாக்கள் இருந்தும், டீ குடிக்க வேறு யாரும் வராத அந்த மேஜைதான் எனக்கு என்னவோ செய்கிறது.

அப்புறம் அம்மாளுக்குப் போலீஸ் உத்தியோகமும் கிடைத்தது. 1897 முதல் 1902 வரை விக்டோரியா போலீசுக்காகக் கைதிகளைப் படம் எடுத்தார். அங்கேயும் வித்தைதான். கைதியின் தோளருகே ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்து, முன்முகத்தையும் பக்கவாட்டு முகத்தையும் ஒரே பிளேட்டில் பிடித்துவிடுவார். பிளேட்டும் மிச்சம், நேரமும் மிச்சம். கணவர் 1907-ல் காலமான பிறகும் ஐந்து வருஷம் ஸ்டூடியோவை நடத்தி, 1912-ல்தான் ஓய்வு பெற்றார். 1918-ல் மறைந்தார். அவருடைய படங்கள் விக்டோரியாவில் மாகாண ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

அந்த டீ விருந்துப் படத்தை ஒரு பிரதி எடுத்து எங்கள் தெருப் பெண்ணிடம் கொடுத்தேன். வெகு நேரம் பார்த்தாள். விரலால் மேஜை விரிப்பைத் தடவினாள். "ஒட்டு எங்கே விழுகிறது என்றே தெரியவில்லையே!" என்றாள். ஒரு தொழில்காரி இன்னொரு தொழில்காரிக்குக் கொடுத்த மரியாதை அது.

அடுத்த வீட்டு மாமியிடமும் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று ஹன்னாக்களையும் மாறி மாறிப் பார்த்தாள். கலியின் கொடுமையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"பாவம், அந்த டீ ஆறிப் போனதா, சுடச் சுடவா?" என்று மட்டும் கேட்டாள்.