நலம் பேணுவோம்: விடை கிடைத்தது, படிப்புக் கிடைத்ததா?



இப்பகுதியில் வழக்கமாக நீரிழிவு, இரத்த அழுத்தம், முழங்கால் நோ என்பன பற்றியே எழுதி வருகிறேன். இம்முறை நமது பிள்ளைகளின் படிப்பைப் பற்றிச் சிறிது எழுத விரும்புகிறேன். வைத்தியருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். படிப்பு நடைபெறும் இடம் மூளை. ஆகவே இதுவும் எமது எல்லைக்கு உட்பட்டதே. அன்றியும், அண்மைக் காலமாகக் கோயிலில் என்னைக் காணும் பெற்றார் கொலஸ்திரோலைப் பற்றிக் கேட்பதிலும் பார்க்கச் செயற்கை நுண்ணறிவைப் பற்றியே கூடுதலாகக் கேட்கின்றனர்.

வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து வெளியே வரும்போது ஒரு தாயார் என்னிடம் சொன்னதை இங்கே தருகிறேன். அவருடைய மகள் ஏ லெவல் படிக்கிறாள். மருத்துவம் படிக்க வேண்டும் என்பது அவளுடைய விருப்பம். “டொக்டர், வீட்டுவேலை எல்லாத்துக்கும் பிள்ளைக்கு முழுப்புள்ளி. மாதிரிப் பரீட்சையிலை இரசாயனவியலுக்குப் பாதியும் வரேல்லை. பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கிறது சரியில்லையோ?” என்றார். பிள்ளையோ உண்மையை ஒளிக்கவில்லை. “மாமா, கணனி செய்து காட்டேக்கை எல்லாம் விளங்குது. நானாய் எழுதப் போனால் ஒண்டும் வருதில்லை” என்றாள்.

அந்தப் பிள்ளை சொன்ன இரண்டு வசனங்களில் முழுப் பிரச்சினையும் அடங்கியிருக்கிறது. விளங்குவது ஒன்று, தானாகச் செய்ய வருவது வேறொன்று. பிறர் நீந்துவதைக் கரையில் இருந்து எவ்வளவு நேரம் பார்த்தாலும் நமக்கு நீச்சல் வராது என்பது யாவரும் அறிந்ததே.

மூளை எவ்வாறு கற்கிறது என்பதற்கு நாம் வாழும் இலண்டன் நகரிலேயே ஓர் அரிய சான்று உண்டு. இங்கு கறுப்பு ரக்சி ஓட்டுவதற்கு அனுமதி பெற விரும்புபவர், சாரிங் குரொஸிலிருந்து ஆறு மைல் சுற்றளவில் உள்ள ஏறத்தாழ 25,000 தெருக்களை மனத்தில் பதித்துப் பரீட்சையில் தேற வேண்டும். அதற்குப் பொதுவாக மூன்று நான்கு ஆண்டுகள் செல்லும். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த எலினோர் மகுவயர் என்ற அறிஞர் இச்சாரதிகளின் மூளையைப் படம் பிடித்து ஆராய்ந்தார். நினைவுக்கும் இடமறிதலுக்கும் உரிய ஹிப்போகம்பஸ் என்னும் பகுதியின் பின்புறம் அவர்களிடம் பெரிதாக இருந்ததை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார். பின்னர் இப்பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கியவர்களைத் தொடக்கத்திலும் சில ஆண்டுகளின் பின்பும் சோதித்தார்கள். தேறியவர்களிடம் அப்பகுதி வளர்ந்திருந்தது, தேறாதவர்களிடம் வளரவில்லை. இது 2011இல் வெளிவந்தது. தெருவின் பெயரைக் கைத்தொலைபேசியிடம் கேட்டுக்கேட்டு ஓட்டுபவரும் போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்கிறார். ஆனால் வழியைத் தானே தேடி மனத்தில் பதிப்பவருக்கே மூளையில் இந்த வளர்ச்சி வருகிறது.

இன்னொரு சான்று. 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் மாணாக்கரை இரு வகையாகப் படிக்க வைத்தனர். ஒரு பாடத்தை வாசித்து, மீண்டும் வாசித்தனர். மற்றொரு பாடத்தை ஒரு முறை வாசித்துவிட்டு, தாளை மூடி, நினைவில் உள்ளதை எழுதினர். ஐந்து நிமிடத்தின் பின் சோதித்தபோது இரு முறை வாசித்த பாடமே முன்னணியில் நின்றது. ஒரு கிழமை கழிந்தபின் நிலைமை மாறிவிட்டது. மூடிவைத்து எழுதிய பாடத்தில் 56 வீதமும், திரும்ப வாசித்த பாடத்தில் 42 வீதமும் நினைவில் நின்றன. அதாவது, தேடி எடுக்கும் அந்தச் சிரமமே படிப்பு. 1990களின் தொடக்கத்தில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் மருத்துவம் படித்த எங்களுக்கு இது புதினம் அல்ல. ஒரு புத்தகத்துக்கு நான்கு பேர்; மண்ணெண்ணெய் விளக்கும் நெடுநேரம் எரிய விட முடியாது. விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் ஒருவர் கேட்க மற்றவர் சொல்லுவோம். அந்தக் கஷ்டம் நமது பிள்ளைகளுக்கும் வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வி பதில் அவர்களுக்கும் வேண்டும்.

இனிச் செயற்கை நுண்ணறிவுக்கு வருவோம். 2022 நவம்பர் 30ஆம் திகதி சாட்ஜிபிடி வெளியிடப்பட்டது. அதன்பின் இத்தகைய கருவிகள் வீட்டுக்கு வீடு புகுந்துவிட்டன. இவற்றால் படிப்புக்கு நன்மையா தீமையா என்பதைத் துருக்கி நாட்டின் உயர்தரப் பாடசாலை ஒன்றில், 2023இல், ஏறத்தாழ ஆயிரம் மாணாக்கரைக் கொண்டு பரிசோதித்தனர். பாடம் கணிதம். ஒரு பிரிவினருக்குப் புத்தகமும் குறிப்பும் மட்டும். இரண்டாம் பிரிவினருக்குக் கேட்டதற்கெல்லாம் விடை சொல்லும் சாதாரண உரையாடற் கருவி. மூன்றாம் பிரிவினருக்கு, விடையைச் சொல்லாமல் ஆசிரியர்கள் வகுத்தபடி சிறு குறிப்பு மட்டும் கொடுக்கும் கருவி. பயிற்சி வேளையில் இரண்டாம் பிரிவினர் முதற் பிரிவினரிலும் 48 வீதம் கூடுதலாகவும், மூன்றாம் பிரிவினர் 127 வீதம் கூடுதலாகவும் புள்ளி பெற்றனர். பின்னர் கருவியை எடுத்துவிட்டுப் பரீட்சை வைத்தனர். விடை சொல்லும் கருவியைப் பாவித்தவர்கள், கருவியே இல்லாதவர்களிலும் 17 வீதம் குறைவாகப் பெற்றனர். குறிப்பு மட்டும் பெற்றவர்களுக்கு அத்தகைய நட்டம் ஏற்படவில்லை. இன்னுமொன்றைக் கவனியுங்கள். குறைவாகக் கற்றவர்கள், தாங்கள் குறைவாகக் கற்றோம் என்று உணரவில்லை. இவ்வாய்வு 2025இல் அச்சாகியது. நான் மேலே சொன்ன பிள்ளையின் கதை இதுவேதான்.

பிள்ளைகள் மட்டும் அல்ல, வைத்தியர்களும் இதற்கு விலக்கல்லர். போலந்தில் நான்கு நிலையங்களில், கொலொனோஸ்கோப்பி எனப்படும் பெருங்குடற் சோதனையில், சிறு கட்டிகளைச் சுட்டிக்காட்டும் கணனி முறையைக் கொண்டுவந்தனர். பின்னர், கணனியின் துணை இல்லாமல் செய்த சோதனைகளை மட்டும் எடுத்துப் பார்த்தனர். முன்பு 28.4 வீதமான நோயாளிகளில் அத்தகைய கட்டிகளைக் கண்டவர்கள், இப்போது 22.4 வீதத்தில் மட்டுமே கண்டனர். அவர்கள் அனைவரும் நீண்ட அனுபவம் உடையவர்கள். இவ்வகை ஆய்வு கணனிதான் முழுக் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்லப் போதாது. எனினும் எச்சரிக்கைக்குப் போதும். அனுபவசாலிகளுக்கே இந்நிலை என்றால், கண்ணை இன்னும் பழக்காத மாணவனின் நிலை என்ன?

அதற்காகக் கருவியைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பக்கவாதம் வந்தவரின் மூளைப் படத்தை விரைந்து பார்க்க இங்கிலாந்தின் வைத்தியசாலைகளில் செயற்கை நுண்ணறிவு உதவுகிறது. அதனால் நோயாளிக்கு நன்மையே. பிரத்தியேக வகுப்புக்குப் பணம் கட்ட இயலாத வீட்டுப் பிள்ளைக்கு, இரவு பத்து மணிக்கும் சலிக்காமல் பதில் சொல்ல ஒன்று இருப்பது சிறிய விடயம் அல்ல. கருவி யார் கையில், எந்த நேரத்தில் என்பதே கேள்வி. விஜயதசமியன்று ஏடு தொடக்கும்போது பெரியவர் பிள்ளையின் விரலைப் பிடிக்கிறார். ஆனால் அரிசியில் எழுதுவது பிள்ளையின் விரல். பெரியவர் தம் விரலாலேயே எழுதிவிட்டால் அதற்கு ஏடு தொடக்கல் என்று பெயர் இல்லை.

நமது ஞாயிறு வகுப்பிலும் இதைக் காண்கிறோம். பேச்சுப் போட்டிக்கு வரும் பேச்சுகள் இப்போது வெகு அழகாக இருக்கின்றன. பேசும் பிள்ளைக்குப் பாதிச் சொல்லுக்குப் பொருள் தெரியாது. முன்பு மட்டும் என்ன, அப்பா எழுதிக் கொடுத்ததைத்தானே பாடமாக்கினார்கள் என்று நீங்கள் சிரிக்கலாம். அதுவும் சரிதான். ஆனால் அப்பாவிடம் “இந்தச் சொல்லுக்கு என்ன கருத்து?” என்று கேட்கவாவது ஒரு பேச்சு வீட்டில் நடந்தது.

பெற்றாருக்கு எனது ஆலோசனைகள் வருமாறு:

1. முதலில் பிள்ளை, பிறகு கருவி. குறைந்தது இருபது நிமிடமாவது தானாக முயன்று, பிழையோ சரியோ கடதாசியில் எழுதிய பின்பே கேட்க வேண்டும்.

2. “விடையைச் சொல்லாதே, நான் எங்கே பிழை விட்டேன் என்று ஒரு குறிப்பு மட்டும் தா, பிறகு என்னிடம் கேள்வி கேள்” என்று கருவிக்குக் கட்டளையிடப் பழக்குங்கள். கட்டளை இடுபவர் பிள்ளையாக இருக்க வேண்டும்.

3. கருவி சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம். அது சொற்கள் வழக்கமாக எந்த ஒழுங்கில் வருகின்றன என்பதைக் கொண்டு வசனம் அமைப்பது. பிழையையும் அதே உறுதியான குரலில் சொல்லும். பாடப் புத்தகத்துடன் ஒப்பிட்டுப் பார்ப்பது பிள்ளையின் பொறுப்பு.

4. மதிப்பீட்டுக்கு ஒப்படைக்கும் வேலையில் கருவி எழுதியதைத் தன் எழுத்தாகக் காட்டினால், இந்நாட்டுப் பரீட்சைச் சபைகள் அதனை முறைகேடாகவே கொள்ளும். புள்ளி மட்டும் அல்ல, பரீட்சையே பறிபோகலாம்.

5. வகுப்பறையில் இவற்றைப் பாவிக்கக் குறைந்த வயது 13 என்று யுனெஸ்கோ 2023இல் ஆலோசனை கூறியுள்ளது. சிறுவர்களைத் தனியே விடாதீர்கள். பிள்ளையின் பெயர், பாடசாலை, நோய் விபரம் எதனையும் அதில் பதிய விடாதீர்கள்.

இறுதியாக, வீட்டில் உள்ள அம்மம்மா, அப்பப்பாமாருக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்கு இரசாயனவியல் தெரிய வேண்டியதில்லை. மாலையில் பேரப்பிள்ளையை அருகில் இருத்தி, “இண்டைக்கு என்ன படிச்சனி அப்பன்? எனக்கு விளங்கச் சொல்லு பாப்பம்” என்று கேளுங்கள். புத்தகமும் கைத்தொலைபேசியும் மூடியிருக்கட்டும். பிள்ளை தடுமாறும் இடம் எதுவோ, அதுவே அவன் நாளைக்குப் படிக்க வேண்டிய இடம். சொல்லி முடித்தால் பாடமும் மனத்தில் நிற்கும், தமிழும் வாயில் நிற்கும். இதற்குக் கட்டணம் இல்லை. ஒரு கோப்பை தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

அந்தத் தாயாரின் மகள் இப்போது முதலில் கடதாசியில் எழுதிய பின்னரே கணனியைத் திறக்கிறாளாம். வீட்டுவேலைப் புள்ளி முன்னையிலும் குறைந்துவிட்டது என்று தாயார் கவலைப்பட்டார். குறையட்டும், இப்போது வருவதுதான் அவளுடைய சொந்தப் புள்ளி என்று சொன்னேன்.

அடுத்த இதழில் குளிர்காலத்தில் விற்றமின் டி குறைவதைப் பற்றி எழுதுவேன். அனைவருக்கும் நலம் உண்டாகுக.