சைகை மொழியில் ‘இல்லை’ எங்கே நிற்கிறது?

திருமண ஓலை எழுத வரும் மணமக்களுள் ஒருவர் காது கேளாதவராயின், பெரும்பாலும் நடப்பது இதுதான்: நாம் கேட்கும் வினாவுக்குத் தாயோ தமையனோ விடை கூறிவிடுகிறார், உரியவர் தலையசைக்கிறார், ‘சம்மதம்’ என்று எழுதப்படுகிறது. பேச இயலாதோர் தம் சம்மதத்தை அதற்கு இணையான அடையாளங்களால் தெரிவிக்கலாம் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1104ஆம் எண் இடம் தருகிறது. எந்தத் தலையசைப்பும் போதும் என்று அது கூறவில்லை. ஆகவே அம்மொழியில் ‘ஆம்’ எது, ‘இல்லை’ எது என்று அறிவது நம் கடமையாகிறது.

சைகை மொழி என்பது தமிழைக் கையால் எழுதிக் காட்டுவதன்று. அதற்குத் தனி இலக்கணம் உண்டு. இந்தியச் சைகை மொழியில் மறுப்பு வாக்கியத்தின் இறுதியில் வரும்: ‘நேற்று – நான் – கோவில் – வா – இல்லை’. ‘வரவில்லை’ என்று பேசும் நமக்கு இது வியப்பன்று. ஆங்கிலம் படித்தவர்தாம் திகைப்பர். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ‘செய்வேன்’, ‘செய்யேன்’ என்பவற்றுள் ஓர் எழுத்தில் மறுப்பு ஒளிந்துகொள்கிறது. சைகையிலோ பெரும்பாலும் வினை மாறாது நிற்க, மறுப்புக்குத் தனிச் சைகை தொடர்கிறது, தலை இருபுறமும் திரும்புகிறது, முகமும் மாறுகிறது. கையை மட்டும் பார்த்து முகத்தைப் பாராதவர் பாதி வாக்கியத்தை இழப்பர். நூலில் கண்ணை வைத்துக்கொண்டு பத்துக் கட்டளைகளைக் கற்பிக்கும் ஆசிரியரின் மறுப்புச் சைகை தெளிவாக விழாவிடில், சிறுவன் கற்பது களவு செய்யத்தான்!

கூட்டுச் சொற்களும் அங்கு உண்டு. ‘தாய்தந்தை’ என்று நாம் உம்மைத்தொகையாகச் சொல்வதுபோல், தந்தை, தாய் என்னும் இரு சைகைகள் இணைந்து பெற்றோரைக் குறிக்கும். மீசையைக் காட்டினால் ஆண். மூக்குத்தி அணியும் இடத்தைத் தொட்டால் பெண். ஆணோடு மணம் சேர்ந்தால் கணவன். பெண்ணோடு மணம் சேர்ந்தால் மனைவி. இடத்தோடு வினாச் சைகை சேர்ந்தால் ‘எங்கே’; முகத்தோடு சேர்ந்தால் ‘யார்’. அமெரிக்கச் சைகை மொழியில் ‘நினை’, ‘மணம்’ என்னும் இரண்டும் கூடி ‘நம்பு’ என்றாகின்றன. ஞானோபதேசம் கற்பிப்போர் இதில் சற்று நேரம் நின்று சிந்திக்கலாம். கூட்டுச் சொல்லில் முதற்சைகை குறுகி, இரண்டும் ஒரே வீச்சில் செல்லும். புதிதாகக் கற்றவர் ‘ஆண் – மணம்’ என்று பிரித்து நிறுத்திக் காட்டினால், கணவனைக் கேட்கிறாரா, ஆணுக்கு மணமாயிற்றா என்று கேட்கிறாரா என்னும் ஐயம் எழும்.

18ஆம் நூற்றாண்டில் பாரிசு நகரத்துக் குருவான தெ லெப்பே, காது கேளாத இரு சகோதரியரைக் கற்பிக்கத் தொடங்கி, பின்பு பள்ளியே நிறுவினார். பிரெஞ்சு இலக்கணத்தின் ஒவ்வொரு விகுதிக்கும் அவர் ஒரு சைகை வகுத்தார். சைகையால் சொன்னதை மாணவர் பிழையின்றி எழுதினர். தாமாக எழுதத் திணறினர். தமிழைச் சொல்லுக்குச் சொல் கையில் ஏற்ற முயல்வோர் இதை நினைவிற்கொள்வது நன்று.

தில்லியில் 2015இல் தொடங்கிய இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2021இல் 10,000 சொற்கள் கொண்ட அகராதியை வெளியிட்டது. ஆயினும் பென்னாகரம், அரூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் பள்ளி செல்லாது வளர்ந்தவர்க்கு வீட்டார் மட்டுமே அறிந்த சைகைகளே இருக்கக்கூடும். அங்கே அகராதி உதவாது. அவரோடு பழகிய நண்பரும், சைகை மொழி அறிந்த ஒருவரும் சேர்ந்தே வரவேண்டும்.

ஓலை எழுதும்போது, ‘கட்டாயம் ஒன்றும் இல்லையே?’ என்று கேட்கலாகாது. அதற்குத் தலை திரும்பினால், கட்டாயம் இல்லை என்பதா, நீர் சொல்வது சரியில்லை என்பதா? நம்மவர் இசைவுக்குத் தலையைப் பக்கவாட்டில் சாய்ப்பதும் விரைந்து பார்க்கும் கண்ணுக்குக் குழப்பமே. ‘மணம் யார் விருப்பம்? நீயா, பெற்றோரா?’ என்று வீட்டாரைப் புறத்தே இருத்திக் கேட்பதே தகும். கேட்டதை அவர் தம் கையால் திருப்பிச் சொல்லட்டும். இறுதியில் ‘இல்லை’ என்று கை விழுந்தால், ஓலை வாசிப்பு அந்த ஞாயிறு நிற்கட்டும். பந்தற்கால் நட்டாயிற்று என்று எவர் வந்து நின்றாலும் சரி.