வள்ளியின்ர கதையை ஏன் பாதியில நிப்பாட்டினீங்கள்?

வைகாசி விசாகப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்குப் போகேக்க, வரிசையில பக்கத்தில நிண்ட மாமி ஒராள் கேட்டா: "ஒரு பெடியனோட மோட்டச்சைக்கிளில திரியிறியாம். கண்ணகி அம்மனுக்கு முன்னால வர உனக்குக் கூசேல்லையே?" இதைக் கம்பஸில சொல்ல, சிநேகிதி சிரிச்சாள்: "அப்ப சாமியை விடன்." ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில். நான் சாமியையும் விடப்போறதில்லை, அவனையும் விடப்போறதில்லை.

முதல்ல கண்ணகி. மதுரையை எரிச்ச கோபம் ஆறாமல் வந்து நந்திக்கடல் பக்கம் இருந்தவ எண்டுதான் எங்கட ஊர்க்கதை. அவ ஏன் எரிச்சவ? எவளோ ஒருத்தி எவனோடயோ கதைச்சாள் எண்டா? அரசன் விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்னதால எரிச்சவ. விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்லுற அந்த வேலையை இண்டைக்கு எங்கட ஒழுங்கைகள் ஒவ்வொரு நாளும் செய்யுது. 2009க்குப் பிறகு வன்னியில புருசனில்லாமல் குடும்பம் நடத்துற பெண்கள் கொஞ்சப்பேரில்லை. கூரை வேய ஒரு மேசன் ரெண்டு நாள் கூட வந்தால் அவளின்ர பேர் முடிஞ்சுது. மாதவியிட்டப் போன கோவலனுக்கு மட்டும் "ஊழ்வினை" எண்டு சமாதானம்.

அடுத்தது கந்தபுராணம். பண்டிதமணி கணபதிப்பிள்ளை எங்கட கலாசாரத்தையே கந்தபுராணக் கலாசாரம் எண்டவர். சரி, அதின்ர கடைசிப் படலம் என்ன? வள்ளியம்மை திருமணம். தினைப்புனத்தில காதல், பாங்கியின்ர உதவியோட சோலையில சந்திப்பு, இரவோட இரவா தாய் தகப்பனுக்குத் தெரியாமல் போறது. கலியாணம் அதுக்குப் பிறகுதான். கோயிலில இதைப் படிச்சுப் பயன் சொல்லுறவை, தங்கட மகள் போனை ஒளிச்சு வைச்சால் அடிக்கினம். (முருகன் கிழவன் வேசம் போட்டு ஏமாத்தினதும் யானையைக் காட்டி வெருட்டினதும் எனக்குச் சரியாப் படேல்லை. அதையும் சொல்லத்தான் வேணும்.)

2005இல் குஷ்பு, கலியாணத்துக்கு முன் உறவு கொள்ளுற பெண்கள் கர்ப்பமும் நோயும் வராமல் பாத்துக்கொள்ள வேணும் எண்டார். அவருக்கு ஒருகாலம் கோயில் கட்டின அதே தமிழ்நாட்டில விளக்குமாறும் செருப்பும் தூக்கினார்கள். 23 வழக்குகள். 2010 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் அவ்வளவையும் ரத்துச் செய்தது. விசாரணையில நீதிபதிகள் ராதையும் கண்ணனும் சேர்ந்து வாழ்ந்ததை ஞாபகப்படுத்த, அதுக்கும் சிலருக்குக் கோபம் வந்தது.

எங்கட நாட்டில ஆணும் ஆணும் சேர்ந்தால் குற்றம் எண்ட சட்டம் வெள்ளைக்காரன் 1883இல் எழுதின தண்டனைச் சட்டக்கோவையில வந்தது. 1995இல் நாங்கள் அதைத் திருத்தினது பெண்களையும் உள்ளே சேர்க்க! இதைத்தான் "எங்கட பண்பாடு" எண்டு காக்கினம்.

அதுக்காக எதுவும் செய்யலாம் எண்டு நான் சொல்லேல்லை. பொய் சொல்லி ஒருத்தியைக் கூட்டிப்போறது பாவம். அவள் வேண்டாம் எண்ட பிறகும் தொடுறது பாவம். பிள்ளை உண்டாகினதும் வெளிநாட்டுக்கு மாறுறது பெரும் பாவம். இந்தப் பாவங்களைச் செய்தவை எங்கட கோயில்களில முன்வரிசையில தாராளமா நிக்கினம், மாமி அவையிட்ட ஒண்டும் கேக்கிறேல்லை.

கந்தசஷ்டி ஆறு நாளும் நான் விரதம் பிடிக்கிறனான். அந்த நாட்களில அவனைச் சந்திக்கிறதும் இல்லை. ஏன் எண்டு சிநேகிதிக்கு விளக்க எனக்கு வார்த்தை வரேல்லை. ஆனால் அது ஒருத்தரும் சொல்லி நான் செய்யிறதில்லை.

அடுத்த விசாகத்துக்கும் வருவன், மாமி. அவனும் வருவான். பாற்செம்பு நேர்த்தி ஒண்டு இருக்கு.